வேலியோர ஆவாரை: 12 கன்றுகளில் 9 போய்விட்டன, மற்றவற்றைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

சூலூர்வேலி | 11 ஜூன் 2022

வணக்கம். சூலூர் பக்கம் சென்ற ஆண்டு வீடு கட்டிக் குடிவந்தோம். தெற்குப் பக்கம் 40 அடி நீளத்துக்குக் கம்பி வேலி. அதை ஒட்டி ஆவாரை வளர்க்க வேண்டும் என்பது என் அம்மாவின் ஆசை. அம்மாவின் சிறுவயதில் போகியன்று விடியும் முன்பே காட்டுக்குப் போய் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் ஒடித்து வருவார்களாம். வீட்டுக் கூரையில், தொழுவத்தில், கிணற்றடியில், வயல் மூலையில் என்று எல்லா இடத்திலும் காப்புக் கட்டுவார்களாம். இப்போது சந்தையில் வாடிப்போன ஒரு கட்டை வாங்கி வாசலில் செருகுகிறோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நிற்பார்.

பிப்ரவரியில் ஒரு நர்சரியில் 12 கன்றுகள் வாங்கினேன். இரண்டடிக் குழி எடுத்து, தொழுவுரமும் தென்னைநார்க் கழிவும் நிரப்பி நட்டேன். சொட்டுநீர் காலை அரை மணி, மாலை அரை மணி. ஏப்ரலில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. வெயில் தாங்கவில்லையோ என்று நிழல்வலை கட்டினேன், தண்ணீரையும் கூட்டினேன். இப்போது மூன்றுதான் மிச்சம். பொட்டல் காட்டில் ஆள் பார்க்காமல் பூக்கிற செடி, பார்த்துப் பார்த்து வளர்க்கும் என் வீட்டில் ஏன் சாகிறது?


மானாவாரி | 11 ஜூன் 2022

மண் என்ன மண்? கரிசலா, செம்மண்ணா, சரளையா? செத்த செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தீர்களா? தண்டு மண்ணைத் தொடும் இடம் எப்படி இருக்கிறது, வேர் எப்படி இருக்கிறது, குழியின் அடிமண் ஈரமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். அதுவரை சொட்டுநீரை மூடி வையுங்கள்.


சூலூர்வேலி | 12 ஜூன் 2022

கரிசல் மண் ஐயா, நல்ல களிப்பு. இரண்டு செடிகளைப் பிடுங்கினேன். அடித்தண்டு கறுத்திருந்தது, நகத்தால் கீறியதும் பட்டை கழன்று வந்தது. வேர் பழுப்பாகக் குழைந்து போய் நாற்றம் அடித்தது. நீங்கள் கேட்டதால் குழியின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன். சேறு.


மானாவாரி | 12 ஜூன் 2022

தம்பி, செடி வெயிலில் சாகவில்லை, நீரில் அழுகிப் போயிருக்கிறது. உங்கள் அக்கறையில் குறை சொல்ல மாட்டேன், தென்னைக்கும் வாழைக்கும் பழகிய கை எல்லாச் செடிக்கும் இதைத்தான் செய்யும்.

இறுகிய கரிசலில் இரண்டடிக் குழி வெட்டி அதில் பொலபொலப்பான கலவையை நிரப்பினால், சுற்றியுள்ள களி நீரை உள்ளே விட்டு வெளியே விடாது. குழி ஒரு தொட்டி ஆகிவிடும். நார்க்கழிவு வேறு நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைக்கும். மேல்மண் காய்ந்து தெரிவதால் நீங்கள் மேலும் விடுவீர்கள், அடியில் வேர் மூச்சுத் திணறும். வேர் அழுகிய செடியாலும் நீரை உறிஞ்ச முடியாது, ஆகவே இலை வாடும். வாடிய இலையைப் பார்த்து மறுபடியும் நீர் விடுவோம். பெரும்பாலான ஆவாரைக் கன்றுகள் வீடுகளில் இப்படித்தான் போகின்றன.

ஆவாரை ஆணிவேரை நேராகக் கீழே இறக்கும் செடி. நடவான முதல் சில மாதங்களுக்குத்தான் நம் நீர் தேவை. அதுவும் வாரம் ஒரு முறை அல்லது இரண்டு முறை, நன்றாக நனைத்துவிட்டு நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்தால்தான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். தினமும் மேலே ஈரம் கிடைத்தால் அதற்கு இறங்க என்ன தேவை இருக்கிறது?

இப்போது செய்ய வேண்டியது: நிழல்வலையைப் பிரித்து எறியுங்கள், முழு வெயில் வேண்டும். தண்டைச் சுற்றி மூடாக்கு இருந்தால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு குழியிலிருந்தும் சரிவுப் பக்கமாகக் கை அகலத்துக்கு ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள். உரம் வேண்டாம். மழை பெய்யாவிட்டாலும் 10 நாள் தண்ணீர் வேண்டாம்.


கிளுவைக்காடு | 13 ஜூன் 2022

மானாவாரி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு சந்தேகம். மீதமுள்ள மூன்றும் ஆவாரைதானா? மஞ்சள் பூவும் கூட்டிலையும் உள்ள உறவுச்செடிகள் நிறைய இருக்கின்றன. தகரை, பேயாவிரை, சீமை அகத்தி, சாலையோர மஞ்சள் கொன்றை எல்லாம் ஒரே இனக்கூட்டம். கன்றாக இருக்கும்போது நர்சரிக்காரர்களே தடுமாறுவார்கள்.

அடையாளம் எளிது. இலைக்காம்பு தண்டில் ஒட்டும் இடத்தைப் பாருங்கள். ஆவாரைக்கு அங்கே காதுமடல் போல அகன்ற இரண்டு இலைச்செதில்கள் இருக்கும். அவை உதிராமல் நிற்கும், தகரையிலும் பேயாவிரையிலும் அப்படி இல்லை. இன்னொன்று, இலைக்காம்பு நெடுக ஒவ்வொரு சிற்றிலை இணைக்கும் நடுவே ஊசிமுனை போல ஒரு சுரப்பி துருத்திக்கொண்டிருக்கும். சிற்றிலைகள் 8 முதல் 12 இணை வரை, நுனி மழுங்கியிருக்கும்.


சூலூர்வேலி | 13 ஜூன் 2022

காது இரண்டு செடிகளில் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை! அதில் ஐந்து இணை இலைகள்தான், நுனி கூராக இருக்கிறது. கசக்கினால் ஒருவித நாற்றம். இதுதான் மூன்றிலும் செழிப்பாக வளர்ந்திருக்கிறது, இதை நம்பித்தான் இருந்தேன்.


கிளுவைக்காடு | 13 ஜூன் 2022

அது பேயாவிரை. நர்சரியைக் குற்றம் சொல்ல வேண்டாம், தொழுவுரத்தோடு விதை வந்திருக்கும். செத்துப்போன கன்றின் இடத்தில் இது முளைத்து நிற்கிறது. பூத்து நெற்று வெடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் வேலி முழுவதும் அதுதான் இருக்கும்.


புதுப்பயிர் | 14 ஜூன் 2022

ஆவாரை பயறு வகைக் குடும்பம் அல்லவா? வேர்முடிச்சு மூலம் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், மண்ணையும் வளப்படுத்தும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உரம் வேண்டாம் என்பதற்கு அதுதானே காரணம்?


மானாவாரி | 14 ஜூன் 2022

குடும்பம் சரி, முடிச்சு சரியில்லை. பயறு வகை எல்லாவற்றுக்கும் வேர்முடிச்சு உண்டு என்று எண்ணிவிடுகிறோம். கொழுஞ்சியையும் சணப்பையும் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சு இருக்கும். கொன்றை, ஆவாரை கூட்டத்தில் பொதுவாக வேர்முடிச்சு உண்டாவதில்லை. ஆனாலும் ஆவாரைத் தழையை வயலில் மிதித்துவிடுவது நம் பழைய வழக்கம், அது வீண் வழக்கமும் இல்லை. ஆழத்தில் கிடக்கும் சத்தை வேர் மேலே கொண்டுவந்து இலையில் சேர்க்கிறது, அந்த இலையை நாம் வயலுக்குக் கொடுக்கிறோம். காற்றிலிருந்து வருவது வேறு, மண்ணுக்கடியிலிருந்து வருவது வேறு.

உரம் வேண்டாம் என்பதற்குக் காரணம், வளம் மிஞ்சினால் செடி நெட்டையாகத் தழைத்துவிட்டுப் பூவைக் குறைக்கும்.


பனையடி | 15 ஜூன் 2022

மன்னாரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஆவரசு என்போம். தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதில், அதாவது தழையை உரமாக மண்ணில் புதைப்பதில், ஆவரசங்குழைக்கு இடம் உண்டு, எங்கள் அப்பு பூவரசங்குழையையும் இதையும் சேர்த்துத்தான் தாழ்ப்பார். சிங்களத்தில் ரணவரா என்பார்கள். உலர்த்திய பூவைக் கொதிக்க வைத்துச் சர்க்கரைக்கட்டியோடு குடிப்பது தெற்கில் நல்ல வழக்கம், வழியோரக் கடைகளில்கூடக் கிடைக்கும்.

எங்கள் பக்கத்து மணலில் இது தானாக வளர்கிறது. கரிசல்தான் நீரைப் பிடித்து வைக்கிறது என்றால், சூலூர் அண்ணா ஏன் குழியே எடுக்க வேண்டும்? மேடாக மண் அணைத்து அதன் மேல் நடக்கூடாதா?


மானாவாரி | 15 ஜூன் 2022

மிகச் சரி. நானே சொல்லியிருக்க வேண்டும். வேலி நெடுக ஒரு அடி உயரத்துக்கு வரப்பு போடுங்கள். கரிசலோடு சரளை மண்ணோ ஆற்றுமணலோ மூன்றில் ஒரு பங்கு கலந்தால் போதும்.


சந்தைவழி | 17 ஜூன் 2022

இவ்வளவு சிரமம் எதற்கு? எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் ஆவாரை நிறைய நிற்கிறது. மழைக்குப் பிறகு நான்கைந்தைப் பிடுங்கி வந்து நட்டால் முடிந்துவிடாதா?


நாட்டுவிதை | 17 ஜூன் 2022

வேண்டாம் அண்ணா. இரண்டு காரணம். வளர்ந்த செடியின் ஆணிவேரை நீங்கள் முழுதாக எடுக்கவே முடியாது. அறுந்த வேரோடு வரும் செடி பத்தில் ஒன்று பிழைத்தால் அதிகம். அடுத்தது, அந்தக் குளத்துக்கரை இன்னும் எத்தனை ஆண்டுக்கு அப்படியே இருக்கும்? என் ஊரில் புறம்போக்கு முழுவதும் மஞ்சளாக நின்றது. ஒரு பகுதி மனைகளானது, ஒரு பகுதியில் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. மிச்சமிருந்ததைத் தைமாதச் சந்தைக்கென்று கிளையோடு முறித்துப் போகிறார்கள். பூவும் பிஞ்சும் போய்விட்டால் நெற்று ஏது, விதை ஏது? பூவைக் கிள்ளுவதற்கும் கொப்பை முறிப்பதற்கும் உள்ள வேறுபாடு அடுத்த ஆண்டு தெரியும்.

செடியை விட்டுவிட்டு, மாசி பங்குனியில் போய்க் காய்ந்த நெற்றுகளை ஒரு கை எடுத்து வாருங்கள். விதையிலிருந்து வரும் ஆவாரைக்கு ஈடு எதுவும் இல்லை. சூலூர் அண்ணாவுக்கும் இதையே சொல்கிறேன். பையில் வளர்ந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். புதிதாகக் கன்று வாங்காமல் நேரடியாக விதையுங்கள்.

விதைக்கும் முறை: நெற்று தட்டையாக, தாள்போல மெலிந்து பழுப்பாக இருக்கும். உடைத்து விதைகளைக் கொட்டுங்கள். சிலவற்றில் ஊசித்துளை இருக்கும், வண்டு குடைந்தவை. அவற்றை ஒதுக்கிவிடுங்கள். நல்ல விதையின் தோல் மிகவும் கெட்டி, அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கல்போலக் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கிய பின் விதைமேல் ஊற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அடுப்பில் வைத்தே விதையைப் போடக்கூடாது, வெந்துவிடும். காலையில் பருத்திருப்பவை தயார். பருக்காதவற்றுக்கு இன்னொரு முறை வெந்நீர். பத்து இருபது விதைதான் என்றால் உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து ஊறவைத்தாலே போதும்.

மூன்றடிக்கு ஓர் இடம், இடத்துக்கு மூன்று விதை, அரை விரல் ஆழம். ஒன்று இரண்டு வாரத்தில் முளைக்கும். நான்கு விரல் உயரம் வந்ததும் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். உங்கள் பகுதிக்கு வடகிழக்கு மழைக்குச் சற்று முன், புரட்டாசியில் விதைப்பது நல்லது.


மாடித்தொட்டி | 20 ஜூன் 2022

சென்னையில் மாடியில் வளர்க்க முடியுமா? நிலம் இல்லாதவர்களுக்கு வழி உண்டா?


நாட்டுவிதை | 20 ஜூன் 2022

முடியும் அக்கா. அகலமான தொட்டி வேண்டாம், ஆழமானது வேண்டும். ஒன்றரை அடிக்குக் குறையாத பெயிண்ட் வாளியின் அடியில் ஆறேழு துளை போடுங்கள். செம்மண், மணல் சரிபாதி, ஒரு கை தொழுவுரம் போதும். விதையை அந்த வாளியிலேயே போடுங்கள், இடம் மாற்றாதீர்கள். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நவம்பர் மழையில் வாளியைச் சாய்த்து வையுங்கள். காட்டில் வளர்வதுபோல் ஆள் உயரம் போகாது. நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் இடுப்பளவில் புதராக நிற்கும்.


குடிநீர்ச்சட்டி | 2 ஜூலை 2022

சித்த மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு சொல். வீட்டில் ஆவாரை வளர்ந்ததும் அடுத்த கேள்வி சர்க்கரைக்குக் குடிக்கலாமா என்பதுதான். ஆவாரைக் குடிநீர் எங்கள் மருத்துவத்தில் நீரிழிவுக்கு நெடுங்காலமாக வழங்கும் மருந்து. ஆனால் அது ஆவாரையோடு வேறு சரக்குகளும் அளவறிந்து சேர்ந்தது. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்துச் சாப்பிடுவது உணவு, அதைத் தாராளமாகச் செய்யுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை மட்டும் நம்புவது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்துத் தினமும் கசாயம் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்க இடம் உண்டு.

நிலாவாரை வேறு, ஆவாரை வேறு. நிலாவாரை பேதிக்குக் கொடுப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிரிட்டு ஏற்றுமதி ஆவது அதுதான். பெயர் ஒலிப்பில் ஏமாந்து நிலாவாரை இலையைத் தேநீர்போலக் குடித்துவிட்டு இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.


சூலூர்வேலி | 29 அக்டோபர் 2022

நீண்ட நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி சொல்ல. பேயாவிரையைப் பிடுங்கிவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று ஆகஸ்டில் போய்விட்டது. மற்றொன்று நிழல்வலை எடுத்த பிறகு புதிய தளிர் விட்டிருக்கிறது. வேலி நெடுக வரப்பு போட்டோம். அம்மாவின் பிறந்த ஊரிலிருந்து மாமா நெற்றுகள் அனுப்பினார். வெந்நீர் ஊற்றி, புரட்டாசிக் கடைசியில் 13 இடங்களில் விதைத்தோம். 11 இடங்களில் முளைத்துவிட்டது. அம்மா தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறார்.

மழைக்காலத்தில் களை எடுக்கலாமா?


மானாவாரி | 30 அக்டோபர் 2022

கையால் எடுங்கள், கொத்த வேண்டாம். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டீர்களா?


சூலூர்வேலி | 30 அக்டோபர் 2022

சுருட்டிவிட்டேன் ஐயா. கறிவேப்பிலைக்குக் கொடுத்துவிட்டேன்.


சூலூர்வேலி | 8 ஜூலை 2023

இப்போது செடிகள் என் இடுப்பு உயரம். கோடையில் வாரம் ஒரு முறைதான் குடத்தால் ஊற்றினேன், சித்திரையில் இலை கொஞ்சம் உதிர்ந்தது, நான் பயந்து தண்ணீர் கூட்டவில்லை. இரண்டு கேள்விகள். ஒன்று, ஒற்றைத் தண்டாக மேலே போகின்றன, கீழே வெறுமையாக இருக்கிறது. வெட்டலாமா? இரண்டு, தெருவில் ஆடுகள் வருகின்றன. ஆவாரை வேலியாக நிற்குமா?


தோல்ஷாப்பு | 9 ஜூலை 2023

வெட்டுவதைப் பற்றி நான் சொல்கிறேன். என் தாத்தா திண்டுக்கல்லில் தோல் பதனிடும் வேலை செய்தவர். தோல் ஷாப்பு என்பார்கள். அந்தக் காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான். தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறிய பதனிட்ட தோல்கள் இந்தப் பட்டைத் துவர்ப்பில் ஊறியவை. பிறகு வாட்டில் என்னும் மரத்தின் பட்டை வந்து ஆவாரையை ஒதுக்கிவிட்டது. தாத்தா சொல்வார், பட்டைக்காரர்கள் செடியை அடியோடு வெட்டித் தடியை உரிப்பார்கள், வேரைத் தொடமாட்டார்கள். அடுத்த மழைக்கு அந்தக் கட்டையிலிருந்து ஐந்தாறு கொப்புகள் ஒன்றாகக் கிளம்பும். வெட்டினால் தழைக்கிற செடி இது.

ஆகவே பயப்படாமல் வெட்டுங்கள். ஆனால் இப்போது மட்டும் மூன்றில் ஒரு பங்கு நுனியை எடுத்தால் போதும், வேர் இன்னும் இளமை. பூத்து ஓய்ந்த பிறகு, அடுத்த ஆண்டிலிருந்து, முழங்கால் உயரத்துக்கு இறக்கி வெட்டலாம். அப்போதுதான் அடியிலிருந்து அடர்த்தி வரும்.


கிளுவைக்காடு | 9 ஜூலை 2023

ஆடு ஆவாரையை மேயாது. எங்கள் மேய்ச்சல் காட்டில் முகர்ந்துவிட்டுப் போய்விடும், அதனால்தான் மற்றப் புதர்கள் போன இடத்திலும் இது நிற்கிறது. ஆனால் முள் இல்லாததால் ஆடு ஊடே நுழைந்துவிடும். நம் கொங்குப் பகுதியின் வழி கிளுவை வேலிதான். இரண்டு ஆவாரைக்கு நடுவில் ஒரு கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கொம்பு, ஊன்றுங்கள். அதற்கும் நீர் தேவையில்லை. முள்ளுக்குக் கிளுவை, பூவுக்கு ஆவாரை.


தங்கேடு | 22 ஜூலை 2023

ஐதராபாத்தில் இருக்கிறேன். தெலுங்கில் தங்கேடு. தெலங்கானாவின் மாநிலப் பூ இதுதான். பத்துகம்மா பண்டிகைக்குத் தட்டில் வட்டம் வட்டமாகப் பூ அடுக்குவார்கள், அதில் தங்கேடு இல்லாமல் இருக்காது. இங்கும் நகரைச் சுற்றித் தேடித்தான் பறிக்க வேண்டியிருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு எங்கள் குடியிருப்புச் சுவர் ஓரமாக விதை ஊன்றியிருக்கிறேன்.


சூலூர்வேலி | 3 டிசம்பர் 2023

பூத்துவிட்டது! 11 செடிகளில் ஏழு. கூடவே ஒரு கவலை. இலைகளில் பச்சைப் புழுக்கள், இரண்டு கொப்புகளை மொட்டையாக்கிவிட்டன. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா? இன்னொன்று, பெரிய கருவண்டுகள் பூவில் உட்கார்ந்து உறுமுகின்றன. பூவைக் கெடுத்துவிடுமா?


வண்ணத்தி | 3 டிசம்பர் 2023

தயவுசெய்து எதையும் அடிக்காதீர்கள். புழுக்கள் பச்சையாக, பக்கவாட்டில் ஒரு வெளிர்க்கோட்டோடு இருந்தால் அவை வெளிர்மஞ்சள், வெண்பச்சை நிறப் பட்டாம்பூச்சிகளின் பிள்ளைகள். கூட்டம் கூட்டமாக மழைக்காலத்தில் சாலையைக் கடக்குமே, அந்த இனங்கள். ஆவாரை, கொன்றை வகைகளின் இலைதான் அவற்றுக்குச் சோறு. மொட்டையான கொப்பு சில வாரங்களில் மறுபடி தளிர்க்கும். நுனியில் வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி வந்தால் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் வேப்பெண்ணெய்.

நீங்கள் வண்டு என்பது தச்சுத்தேனீ. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. அதுவும் மகரந்தப்பை நெடுக்குவாக்கில் பிளக்காது, நுனியில் சிறு துளைதான். உப்புக் குப்பியைத் தட்டுவதுபோலத் தேனீ பூவைப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த உறுமல் அதிர்வின் ஓசை. பெட்டித் தேனீக்கு அந்த வித்தை வராது. தச்சுத்தேனீ வரவில்லையென்றால் நெற்று குறைந்துவிடும். வேலிக்கு அருகில் பட்டுப்போன மரக்கட்டை ஏதாவது இருந்தால் எடுக்காமல் விடுங்கள், அதைக் குடைந்துதான் அது குடியிருக்கும்.


சூலூர்வேலி | 3 டிசம்பர் 2023

முருங்கைக் கட்டை ஒன்று கிடக்கிறது. விறகுக்கு வைத்திருந்தேன். அங்கேயே இருக்கட்டும்.


சூலூர்வேலி | 14 ஜனவரி 2024

இன்று போகி. விடிவதற்குள் அம்மா எழுந்துவிட்டார். வேலியிலிருந்து ஒரு கைப்பிடிக் கொத்து. நாட்டுவிதை அவர்கள் சொன்னபடி கொப்பை முறிக்காமல் பூங்கொத்தின் அடியில் நகத்தால் கிள்ளினார். பூளைப்பூவுக்குத்தான் சந்தைக்குப் போனேன். வாசலில், மாடிப்படியில், மோட்டார் அறையில் காப்புக் கட்டினோம். மோட்டார் அறை எதற்கு அம்மா என்றேன். கிணற்றடி இப்போது அதுதானே என்றார்.


மாடித்தொட்டி | 15 ஜனவரி 2024

சென்னையில் என் வாளியிலும் மூன்று கொத்து. அண்ணா, உங்கள் செடியின் விதை கிடைக்குமா? எங்கள் மாடிவீட்டுக்காரர்கள் நான்கு பேர் கேட்கிறார்கள்.


சூலூர்வேலி | 15 ஜனவரி 2024

பிஞ்சு இப்போதுதான் பிடித்திருக்கிறது அக்கா. பங்குனியில் நெற்று காயும். பாதியைச் செடியிலேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் அம்மா, வேலிக்கு வெளியே தெருவோரத்திலும் நாலு முளைக்கட்டும் என்கிறார். மீதியில் ஆளுக்கு இருபது விதை அனுப்புகிறேன். தனிமடலில் முகவரி தாருங்கள். துளையுள்ளதை நானே பொறுக்கி எடுத்துவிடுகிறேன், வெந்நீர் மட்டும் நீங்கள் ஊற்றிக்கொள்ளுங்கள்.